ஆலிஸ் ஈஸ்ட்வுட்டின் தனி அலமாரி

1906 ஏப்ரல் 18 அதிகாலை 5.12 மணிக்கு சான் பிரான்சிஸ்கோ நகரம் குலுங்கியது. நிலம் அதிர்ந்து இடிந்ததைவிட, தொடர்ந்து பரவிய நெருப்பில் அழிந்ததே அதிகம். அந்த நெருப்பு மார்க்கெட் தெருவில் இருந்த கலிஃபோர்னியா அறிவியல் கழகத்தை எட்டுவதற்குள், நாற்பத்தேழு வயதுப் பெண் ஒருவர் இடிந்த படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியைப் பற்றி ஆறாம் மாடிக்கு ஏறி, 1,497 உலர்தாவர மாதிரிகளை மீட்டு வந்தார். அவர் பெயர் ஆலிஸ் ஈஸ்ட்வுட். கழகத்தின் தாவரவியல் பிரிவுக் காப்பாளர். அவரைப் பற்றி யார் எழுதினாலும் இந்த ஏற்றத்தைத்தான் முதலில் எழுதுவார்கள். எழுத வேண்டியதுதான். ஆனால் அவருடைய வாழ்க்கையைப் படிக்கப் படிக்க என் மனம் போய் நிற்பது வேறோர் இடத்தில். பல்லாயிரம் தாள்கள் அடுக்கியிருந்த கூடத்தில், ஊர் எரிந்துகொண்டிருந்த நேரத்தில், எதை எடுப்பது எதை விடுவது என்று அவர் தேடி நிற்கவில்லை. எடுக்க வேண்டியவை ஒரே அலமாரியில் தனியாக இருந்தன. அப்படி வைத்தவர் அவரே. வைத்தது அந்த நாளுக்கு வெகுகாலம் முன்பு.

அந்த அலமாரியின் அருமையை உணர, அதில் இருந்த ஒரு தாளை முதலில் அருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

ஹெர்பேரியம் என்னும் உலர்தாவரக் காப்பகத்தின் தாள் பார்ப்பதற்கு எளிமையானது. கெட்டியான வெள்ளைத் தாள். அதில் அழுத்தி உலர்த்திய ஒரு செடி. வலது கீழ் மூலையில் ஒரு சீட்டு. ஆனால் அந்த எளிமைக்குள் எத்தனை முன்யோசனை! செடியைச் செய்தித்தாள்களுக்கு இடையே பரப்பும்போதே ஓர் இலையையாவது திருப்பி வைப்பார்கள், முதுகுப்புறமும் தெரிவதற்காக. இலையின் அடியில் இருக்கும் ரோமம்தான் பல நேரங்களில் ஓர் இனத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும். செடி தாளைவிட நீளமாக இருந்தால் வெட்ட மாட்டார்கள். மடக்கி வைப்பார்கள், முழு உயரமும் கணக்கில் வரட்டும் என்று. உதிர்ந்த விதையையும் இதழையும் வீசிவிடுவதில்லை. தாளின் ஓரத்தில் காகிதத்தில் மடித்த ஒரு சிறு உறை ஒட்டியிருக்கும். உதிர்ந்தவை எல்லாம் அதற்குள் போகும். நாளைக்கு யாரேனும் விதையைப் பார்க்க வந்தால், ஒட்டிய செடியைப் பிய்க்காமல் உறையைத் திறந்தால் போதும்.

சீட்டில் இருப்பதும் அளந்து எழுதியவை. இடம், உயரம், மண், அக்கம்பக்கத்துச் செடிகள், தேதி, சேகரித்தவர் பெயர், சேகரிப்பு எண். பூவின் நிறத்தைக் கட்டாயம் எழுதுவார்கள். காய்ந்த பின் நீலம் பழுப்பாகும், மஞ்சள் வெளிறும்; செடி தானே சொல்ல முடியாமல் போகப்போவதைச் சீட்டு அதற்காகச் சொல்லி வைக்கிறது. எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது, பெயரைத் திருத்தும் முறை. ஐம்பது ஆண்டு கழித்து வரும் ஓர் ஆய்வாளர், இதற்கு முன் இட்ட பெயர் தவறு என்று கருதினால், பழைய எழுத்தை அடிப்பதில்லை, கிழிப்பதில்லை. தன் கருத்தையும் பெயரையும் தேதியையும் ஒரு புதுச் சீட்டில் எழுதி அதே தாளில் ஒட்டிவிட்டுப் போகிறார். அடுத்தவர் வந்து மறுத்தால் இன்னொரு சீட்டு. நூறாண்டு வாதம் முழுவதும் ஒரே தாளில், யாரும் யாரையும் அழிக்காமல், வரிசையாக நிற்கும். கருத்து வேறுபாட்டை இத்தனை மரியாதையாகப் பேணும் ஏற்பாடு வேறு எங்கும் எளிதில் கிடைக்காது.

இந்தத் தாள்களுக்குள்ளும் சில தாள்கள் தனித் தகுதி உடையவை. ஒரு செடியை முதன்முதலாக விவரித்துப் பெயர் சூட்டும்போது, 'இந்தப் பெயருக்கு உரியது இந்த மாதிரி' என்று ஒன்று குறிக்கப்படுகிறது. அதுதான் வகைமாதிரி. பின்னாளில் அந்தப் பெயர் எந்தச் செடியைக் குறிக்கிறது என்று சந்தேகம் எழுந்தால், கடைசியில் போய்ப் பார்க்க வேண்டியது அந்தத் தாளை. மற்றத் தாள்கள் எரிந்தால் அதே மலைக்குப் போய் மீண்டும் சேகரிக்கலாம். வகைமாதிரி எரிந்தால் பெயர் பிடிமானம் இல்லாமல் போகும்.

அந்தக் காலத்தில் ஹெர்பேரியங்கள் வகைமாதிரிகளையும் மற்றவற்றோடு சேர்த்தே அடுக்கின. குடும்பம், பேரினம், சிற்றினம் என்ற வரிசையில் தன் உறவுகளுக்கு நடுவே அதுவும் இருக்கும். இதற்கு நியாயமும் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க வருபவர் ஒரே கட்டில் எல்லாவற்றையும் விரித்துப் பார்க்கலாம். ஈஸ்ட்வுட் இந்த வசதியை விட்டுக்கொடுத்தார். வகைமாதிரிகளை எல்லாம் பிரித்தெடுத்து, ஆபத்தென்றால் எளிதில் எடுக்கும்படி தனியே வைத்தார். வீட்டில் எத்தனை காகிதம் இருந்தாலும் நிலப் பத்திரத்தை மட்டும் தனிப் பெட்டியில் வைக்கும் குடும்பத்துப் பெரியவர்களின் புத்தி அது. வகைமாதிரி என்ற கருத்து அனைத்துலகத் தாவரப் பெயரிடல் விதிகளில் இடம்பெற்றது 1930 கேம்பிரிட்ஜ் மாநாட்டில்தான். விதி வருவதற்குக் கால் நூற்றாண்டுக்கும் முன்பே, எது ஈடுசெய்ய முடியாதது என்று தன் கையால் தரம் பிரித்து வைத்திருந்தார் ஒரு காப்பாளர். இது புத்தகத்தைப் படித்து வந்த அறிவன்று. நாள்தோறும் தாள்களைத் தொட்டுத் தொட்டு வந்த அறிவு.

அவர் கற்ற வழியும் அப்படிப்பட்டதே. 1859இல் கனடாவின் டொரன்டோவில் பிறந்தவர். ஆறு வயதில் தாயை இழந்தார். பின்னர் குடும்பம் அமெரிக்காவின் டென்வருக்குப் பெயர்ந்தது. உயர்நிலைப் பள்ளியோடு அவருடைய முறையான படிப்பு முடிந்தது. படித்த பள்ளியிலேயே பத்தாண்டு ஆசிரியர் வேலை. கோடை விடுமுறையெல்லாம் ராக்கி மலைகளில் செடி சேகரிப்பு. தாவரவியலைத் தாமாகவே நூல்களிலும் மலைச்சரிவுகளிலும் கற்றார். 1887இல் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ், டார்வினோடு இயற்கைத் தேர்வுக் கோட்பாட்டைக் கண்டவர், டென்வர் வந்தபோது அவரைக் கிரேஸ் பீக் சிகரப் பகுதிக்கு அழைத்துச்சென்று மலைப்பூக்களைக் காட்டியது இந்தப் பள்ளி ஆசிரியைதான். அங்கே எந்தப் பூ எந்தச் சரிவில் பூக்கும் என்று அவரைவிடத் தெரிந்தவர்கள் அதிகம் இல்லை.

சான் பிரான்சிஸ்கோவில் அவருக்கு வேலை கிடைத்த விதத்தையும் இங்கே ரசித்தாக வேண்டும். கலிஃபோர்னியா அறிவியல் கழகம் தொடங்கிய 1853ஆம் ஆண்டிலேயே இயற்கை அறிவியலின் எல்லாத் துறைகளிலும் பெண்களின் பங்கை வரவேற்றுத் தீர்மானம் போட்ட அமைப்பு. அதன் தாவரவியல் காப்பாளராக இருந்தவர் கேத்தரின் பிராண்டிகி. மருத்துவம் படித்துத் தாவரவியலுக்கு வந்தவர். கணவர் டவுன்ஷெண்டும் தாவரவியலர். 1889இல் மணமான கையோடு சான் டியேகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை செடி சேகரித்துக்கொண்டே நடந்து வந்த தம்பதி அவர்கள். ஈஸ்ட்வுட்டைக் கழகத்துக்குக் கொண்டுவர விரும்பிய கேத்தரின், மாதம் 75 டாலர் சம்பளத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார். 1892இல் இருவரும் இணைக் காப்பாளர்கள் ஆனார்கள். 1894இல் பிராண்டிகி தம்பதி சான் டியேகோவுக்குப் போக, முழுப் பொறுப்பும் ஈஸ்ட்வுட்டிடம் வந்தது. தான் வளர்த்த தொகுப்பைத் தன்னைப் போலவே நேசிக்கும் ஒருவரிடம் ஒப்படைப்பதற்குச் சம்பளத்தையே விலையாகக் கொடுத்த அந்த முன்னோடியையும் இந்தப் பாராட்டில் சேர்த்துக்கொள்வதுதான் முறை.

இப்போது அந்த ஏப்ரல் நாளுக்கு வருவோம். கழகக் கட்டடத்தின் பளிங்குப் படிக்கட்டு நொறுங்கிக் கிடந்தது. இரும்புக் கைப்பிடி மட்டும் நின்றது. ஈஸ்ட்வுட்டும் அவருடைய நண்பர் ராபர்ட் போர்ட்டரும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, அதன் கம்பிகளுக்கு இடையே காலை நுழைத்து நுழைத்து ஆறாம் மாடி வரை ஏறினார்கள். வகைமாதிரிகளைக் கட்டுகளாகக் கட்டினார்கள். கிடைத்த கயிறுகளையும் நூல்களையும் ஒன்றோடொன்று முடிந்து, அதில் கட்டித் தரைத்தளத்துக்கு இறக்கினார்கள். எறிந்திருந்தால் வேலை விரைவில் முடிந்திருக்கும். ஆனால் உலர்ந்த செடி ஓர் அதிர்ச்சியில் பொடியாகிவிடும். நெருப்பு வந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தும், கையில் இருப்பது எத்தனை மெல்லியது என்பதை அவர்கள் மறக்கவில்லை. வீரம் என்று பேசும்போது வேகத்தை நினைக்கிறோம். இங்கே வீரம் மெதுவாக இறக்கியதில் இருக்கிறது.

பின்பு வண்டி ஒன்று பேசி ஏற்றினார்கள். நெருப்பு பரவப் பரவக் கட்டுகளும் இடம் மாறின. ஈஸ்ட்வுட்டின் சொந்த வீடு எரிந்தது. புத்தகங்கள், கையெழுத்துப் படிகள், உடைமைகள் எல்லாம் போயின. தனக்கென்று அவரிடம் மிஞ்சியது ஒரே பொருள்: அவருக்கு மிகவும் பிடித்த கைலென்ஸ். அது இல்லாவிட்டால் தனக்குக் கை ஒடிந்ததுபோல் ஆகிவிடும் என்ற பொருளில் பிறகு எழுதினார். எதை எடுத்துக்கொண்டார் என்பதில் ஒருவரை அறியலாம் என்றால், இவரை அறிய இது போதும். மறுநாள் காலையில் எந்த வேலை செய்யப் போகிறோம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அதே ஆண்டு 'சயன்ஸ்' இதழில் அவர் எழுதிய கடிதத்தின் தொனியும் இப்படித்தான். போனது தன்னுடைய இழப்பாகத் தனக்குத் தோன்றவில்லை, அறிவியல் உலகத்தின் இழப்பு அது என்கிறார். வேலை செய்ததில் கிடைத்த மகிழ்ச்சி தன்னிடம் இருக்கிறது, மறுபடி தொடங்கினால் அதே மகிழ்ச்சி மறுபடியும் கிடைக்கும் என்கிறார். இதைத் துறவு மனநிலை என்று சொல்லிவிடலாம். ஆனால் எனக்கு இதில் தெரிவது தொழில் ருசி. சேகரித்துச் சேர்த்த பொருளைவிட, சேகரிப்பதை அவர் அதிகம் அனுபவித்திருந்தார். அதனால் பொருள் எரிந்தபோது அனுபவம் எரியவில்லை.

அடுத்த ஆறு ஆண்டுகள் அவருக்குக் காப்பதற்குத் தொகுப்பு இல்லை. அந்தக் காலத்தை அவர் செலவிட்ட விதம் அழகானது. ஹார்வர்டின் கிரே ஹெர்பேரியம், நியூயார்க் தாவரத் தோட்டம், லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம், கியூ தாவரத் தோட்டம், பாரிஸ் என்று உலகத்தின் பெரிய ஹெர்பேரியங்களுக்குப் போய் அமெரிக்க மேற்குப் பகுதிச் செடிகளின் பழைய மாதிரிகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். தன் அலமாரி காலியானபோது மற்றவர் அலமாரிகளில் படித்தார். ஹெர்பேரியங்கள் பெயரளவில்தான் தனித்தனி. ஒரே செடியிலிருந்து பல கிளைகளை அழுத்தி, ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மற்றவற்றை வேறு ஹெர்பேரியங்களுக்கு அனுப்புவது அந்தத் தொழிலின் வழக்கம். பரிமாற்றம் என்ற இந்த வழக்கத்தில் தாராளமும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. 1943 மார்ச்சில் குண்டுவீச்சில் பெர்லின் ஹெர்பேரியத்தின் பெரும்பகுதி எரிந்தபோது, பல பெயர்களைக் காப்பாற்றியது பிற நாடுகளுக்கு முன்பே அனுப்பியிருந்த இரட்டைப் பிரதிகள்தாம்.

1912இல் கழகம் மீண்டும் எழத் தொடங்கியதும் ஈஸ்ட்வுட் தன் இடத்துக்குத் திரும்பினார். கோல்டன் கேட் பூங்காவில் எழுந்த புதிய கட்டடத்துக்காக ஒவ்வொரு தாளாகச் சேர்த்தார். மலையேறுவதில் அவர் சலிக்காதவர். நகரத்துக்கு வடக்கே உள்ள டமல்பாயிஸ் மலையில் அவர் பெயரில் ஒரு முகாம் இன்றும் உண்டு. 1914இல் கனடாவின் யூகான் பகுதிக்குப் போய் டாசன் ஊரைச் சுற்றி வில்லோ செடிகளைச் சேகரித்தார். வில்லோவில் பூவும் இலையும் பெரும்பாலும் வெவ்வேறு காலத்தில் வரும், ஆணும் பெண்ணும் வெவ்வேறு மரத்தில் இருக்கும். ஒரு வில்லோவை முழுமையாகத் தாளில் கொண்டுவர ஒரே மரத்தடிக்கு இரண்டு முறை போக வேண்டியிருக்கும். இத்தகைய செடிகள் சேகரிப்பவரின் பொறுமையை நன்றாகவே சோதிக்கும்.

அவருடைய மனத்துக்கு நெருங்கிய இன்னொரு கூட்டம் மன்சனிட்டா. ஆர்க்டோஸ்டஃபைலஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த புதர்கள். சிவந்து வழவழத்த பட்டை, குடுவை போல் கவிழ்ந்த சிறு பூக்கள், குட்டி ஆப்பிள் போன்ற காய்கள். கலிஃபோர்னியாவில் இவற்றில் பல இனங்கள். ஒன்றுக்கொன்று கலந்து புது உருவங்களும் எடுக்கும். இளங்கிளையில் ரோமம் உண்டா, அந்த ரோமத்தின் நுனியில் சுரப்பி உண்டா, பூங்கொத்தின் அடியில் உள்ள செதில் இலை போன்றதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். ஈஸ்ட்வுட் 1897இல் விவரித்த ஓர் இனத்துக்கு அந்தச் சுரப்பி ரோமங்களை வைத்தே குளாண்டுலோசா என்று பெயரிட்டார். இன்று அங்கே பொதுமக்கள் அதை ஈஸ்ட்வுட் மன்சனிட்டா என்றே அழைக்கிறார்கள். அந்தப் புதரின் அடியில், மண்ணோடு ஒட்டி, கட்டையாகப் பருத்த ஒரு பகுதி உண்டு. காட்டுத்தீயில் மேலே உள்ளதெல்லாம் கருகினாலும் அந்தக் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். நெருப்புக்குப் பிறகு தழைக்கும் செடிக்கு அவர் பெயர் அமைந்தது இயற்கையாகவே வந்த பொருத்தம்.

1949இல் தொண்ணூறு வயதில் ஓய்வு பெறும்போது, 1912க்குப் பின் அவர் காலத்தில் சேர்ந்த மாதிரிகள் ஏறத்தாழ 3,40,000. எரிந்ததைப் போல மூன்று மடங்கு. ஆனால் அந்த எண்ணிக்கையைவிட, அதைக் காக்க அவர் ஆளைத் தயார் செய்திருந்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது. இருபது ஆண்டுகளாக உடன் வேலை செய்த ஜான் தாமஸ் ஹவல் அவருக்குப் பின் பொறுப்பேற்றார். இருவரும் சேர்ந்து 1932இல் தொடங்கிய 'லீஃப்லெட்ஸ் ஆஃப் வெஸ்டர்ன் பாட்டனி' என்ற சிறு இதழ், ஈஸ்ட்வுட் போன பிறகும் தொடர்ந்தது. ஒரு காலத்தில் கேத்தரின் பிராண்டிகி தனக்குச் செய்ததை அவர் இன்னொருவருக்குச் செய்தார்.

1950இல் ஸ்வீடனில் நடந்த ஏழாவது அனைத்துலகத் தாவரவியல் மாநாட்டுக்கு அவரைக் கௌரவத் தலைவராக அழைத்தார்கள். தொண்ணூற்றொரு வயதில் பயணம் செய்து போனார். அங்கே லின்னேயஸின் நாற்காலியில் அவரை அமரவைத்தார்கள். தாவரங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநிறுத்தியவர் என்று லின்னேயஸை எல்லோரும் அறிவோம். ஹெர்பேரியக்காரர்களுக்கு அவர் இன்னொரு வகையிலும் முன்னோர். அவர் காலத்தில் உலர்ந்த செடிகளைப் புத்தகமாகத் தைத்து வைப்பது வழக்கம். தைத்துவிட்டால் வரிசை மாற்ற முடியாது. அவரோ தாள்களைத் தைக்காமல் தனித்தனியாக அலமாரியில் வைத்தார். அறிவு வளர வளர அடுக்கை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் அதில் இருந்தது. அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தித் தன் அடுக்கை மாற்றிய ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தது வெறும் மரியாதையாக எனக்குத் தோன்றவில்லை. ஒரே வேலையின் இரண்டு முனைகள் அங்கே சந்தித்தன. 1953 அக்டோபரில் ஈஸ்ட்வுட் காலமானார்.

அந்த வேலை யாருக்காக என்பதற்கு ஒரு சான்று பின்னாளில் கிடைத்தது. 1905இல் ஈஸ்ட்வுட் விவரித்த செடிகளில் ஒன்று ஆர்க்டோஸ்டஃபைலஸ் ஃபிரான்சிஸ்கானா, சான் பிரான்சிஸ்கோவின் பாறை நிலத்துக்கே உரிய மன்சனிட்டா. ஊர் வளர்ந்ததில் அதன் இடங்கள் ஒவ்வொன்றாகப் போய், 1947க்குப் பிறகு அது இயற்கையில் அற்றுப்போனதாகவே கருதினார்கள். சில தோட்டங்களில் மட்டும் உயிரோடு இருந்தது. 2009இல் கோல்டன் கேட் பாலத்துக்குப் போகும் சாலையை மாற்றிக் கட்டும் பணிக்காகப் புதர்களை வெட்டிய இடத்தில், வண்டியில் கடந்துபோன ஒரு தாவரவியலர் கண்ணில் ஒற்றைச் செடி ஒன்று பட்டது. ஆராய்ந்து, அது ஃபிரான்சிஸ்கானாவே என்று உறுதி செய்தார்கள். 2010 ஜனவரியில் வேர் மண்ணோடு பெயர்த்து, அந்தச் சாலையோரம் அமைந்த பிரெசிடியோ பகுதிக்குள்ளேயே பாதுகாப்பான இடத்தில் நட்டார்கள். 2012இல் அமெரிக்க அரசு அதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவித்தது.

சாலையோரத்தில் கண்ட ஒரு புதரைப் பெயர் சொல்லி அழைக்க முடிந்தால்தான் அதைக் காப்பாற்றக் கேட்க முடியும். பெயர் தெரியாவிட்டால் அது வெட்டித் தள்ள வேண்டிய இன்னொரு புதர். அந்தப் பெயரையும் அதற்குரிய விவரத்தையும் நூறாண்டுக்கு முன்பே ஒருவர் லென்ஸ் வைத்துப் பார்த்து எழுதியிருந்தார். ஹெர்பேரியக் காப்பாளரிடம் உதவி கேட்டு வருபவர்களில் பலர் அவர் வாழும் காலத்தில் பிறந்தே இருக்க மாட்டார்கள். அவர்களுக்காக இலையின் முதுகைத் திருப்பி வைப்பதும், உதிர்ந்த விதையை உறையில் இடுவதும், பூவின் நிறத்தை எழுதி வைப்பதும், எது ஈடுசெய்ய முடியாததோ அதைத் தனியே எடுத்து வைப்பதும் ஐம்பத்தேழு ஆண்டுகள் ஒருவருக்கு அன்றாட வேலையாக இருந்தது. அறிவியலில் இதைவிடப் பெரிய தாராளத்தை நான் அறியேன்.